கல்லூரி வாசலுக்கு முன்னால் ஒரு படி: பங்களாதேஷ் அனுபவம் நமக்குத் தரும் பாடம்



சென்ற ஆண்டு நமது அறக்கட்டளை கட்டணம் செலுத்திக் கல்லூரியில் சேர்த்த மாணவியரில் ஒருவர், ஐந்தாம் மாதமே படிப்பை நிறுத்திவிட்டார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை. என்ன ஆயிற்று என்று கேட்க நாங்கள் வீட்டுக்கே போனோம். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய தாயார் கதவோரம் நின்றபடி சொன்ன பதில் இதுதான்: "பீஸு நீங்க கட்டிட்டீங்க பாய், அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனா அவ கொண்டு வர்ற சம்பளத்தை யாரு கட்டுறது?"

எங்களிடம் அன்று பதில் இல்லை. வீடு திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவுமில்லை. அதன் பிறகு நடந்த இரண்டு செயற்குழுக் கூட்டங்களிலும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே பேச்சு நடந்தது. இதே கேள்வியை நம்மைவிடப் பெரிய அளவில் சந்தித்த ஒரு நாடு பங்களாதேஷ். அங்கே நாற்பது ஆண்டுகளாகப் படிப்படியாகச் செய்து பார்த்தவற்றை இந்த இதழின் கல்விப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

1. உயர்கல்வி ஏழை நாட்டுக்கு ஆடம்பரமா?

முதலில் ஒரு பழைய விவாதத்தைத் தெரிந்துகொள்வோம். 1980களிலும் 90களிலும் வளரும் நாடுகளுக்குக் கல்விக்கென்று கடனும் உதவியும் தந்த அமைப்புகள் ஆரம்பக் கல்விக்கே முதலிடம் தந்தன. ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் பணம் எவ்வளவு பலன் தருகிறது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் தொடக்கப் பள்ளி முன்னால் நின்றது. பல்கலைக்கழகம் பின்னால் போனது. 1990இல் தாய்லாந்தின் ஜோம்டியன் நகரில் கூடிய 'அனைவருக்கும் கல்வி' உலக மாநாடும் அடிப்படைக் கல்வியையே முன்வைத்தது. அதில் தவறில்லை; எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பிள்ளைகள் இருந்த காலம் அது. ஆனால் பல ஏழை நாடுகளில் பல்கலைக்கழகங்கள் கவனிப்பாரற்று நலிந்தன.

2000ஆம் ஆண்டில் உலக வங்கியும் யுனெஸ்கோவும் அமைத்த நிபுணர் குழு ஒன்று, வளரும் நாடுகளின் உயர்கல்வி குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோசோவ்ஸ்கியும் தென்னாப்பிரிக்காவின் மாம்ஃபேலா ராம்ஃபேலேயும் அக்குழுவின் இணைத் தலைவர்கள். முந்தைய கணக்கு குறைபாடுடையது என்று அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. பட்டதாரி அதிகமாக வாங்கும் சம்பளமும் அவர் கட்டும் வரியும் மட்டுமே அக்கணக்கில் ஏறின. அவர் நல்ல ஆசிரியராக, மருத்துவராக, நிர்வாகியாக ஊருக்குச் செய்யும் நன்மை அதில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரை உருவாக்கித் தருவதே கல்லூரிதான் அல்லவா? மேல்படி இடிந்தால் கீழ்ப்படியும் சேர்ந்து ஆட்டம் காணும்.

நமக்கும் இது பொருந்தும். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையின்படி, நம் நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் பட்டமோ பட்டயமோ பெற்றிருந்தார்கள். முஸ்லிம்களில் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. "பத்தாவது முடித்தால் போதும்" என்று நாம் வீட்டில் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகிறது.

2. பள்ளியிலிருந்து தொடங்கிய திட்டம்

பங்களாதேஷ் கல்லூரியிலிருந்து தொடங்கவில்லை. 1982இல் சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தி என்ற ஒரே ஒரு வட்டாரத்தில், உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று உயர்நிலைப் பள்ளி மாணவியருக்கு உதவித்தொகை கொடுத்துப் பார்த்தது. பலன் தெரிந்ததும் வேறு சில வட்டாரங்களுக்கு விரிவானது. 1994இல் அரசே அதை நாட்டின் கிராமப்புறம் முழுவதற்கும் கொண்டு சென்றது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவிக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது. அதோடு அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி உதவித்தொகை செலுத்தினார்கள்.

நிபந்தனைகள் மூன்று: 75 விழுக்காடு வருகை, தேர்வில் 45 விழுக்காடு மதிப்பெண், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை திருமணம் ஆகாதிருத்தல். மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். பெண்பிள்ளையின் படிப்பு எங்கே அறுந்துபோகிறது என்பதை நேரில் பார்த்து வைத்த நிபந்தனை அது. உலக வங்கியின் கணக்குப்படி, 1991இல் 11 லட்சமாக இருந்த உயர்நிலைப் பள்ளி மாணவியர் எண்ணிக்கை 2005இல் 39 லட்சமானது.

ஒரு வட்டாரத்தில் செய்து பார்த்து, குறைகளைத் திருத்தி, பிறகு விரித்த திட்டம் இது. இந்தப் பொறுமை நம் போன்ற சிறிய அமைப்புகள் கற்றுக்கொள்ள வேண்டியது.

3. கட்டடம் எழுவதற்கு முன்பே வகுப்பு

பள்ளி முடித்த பெண்கள் பெருகினார்கள். அடுத்து எங்கே போவது? 1992இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிடும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உருவானது. தனியார் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டாக்கா நகரில் முளைத்தன. அங்கே படிக்கக் கட்டணம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிட்டகாங் நகரின் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் வருகிறது. மேலே சொன்ன 2000ஆம் ஆண்டு அறிக்கையைத் தயாரித்ததில் முக்கியப் பங்கு வகித்த பங்களாதேஷ்காரர் கமால் அகமதுதான் இதை நிறுவினார். தாளில் எழுதியதை மண்ணில் செய்து காட்டும் முயற்சி என்று சொல்லலாம். 2006இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. நகருக்கு வெளியே மலைப்பாங்கான நிலத்தையும் அரசு கொடுத்தது. ஆனால் அங்கே வளாகம் எழும்வரை காத்திருக்காமல், 2008இல் நகருக்குள் வாடகைக் கட்டடங்களில் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். 2013இல் முதல் அணி பட்டம் பெற்று வெளியேறியது. பங்களாதேஷ் மட்டுமன்றி இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், கம்போடியா, ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு முழு உதவித்தொகை அல்லது அதற்கு நெருக்கமான உதவி.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது 'அக்சஸ் அகாடமி' என்ற முன்னாண்டு வகுப்பு. பட்டப்படிப்பு தொடங்குவதற்கு முன் ஓராண்டு ஆங்கிலம், கணக்கு, கணினி, தெளிவாக எழுதுதல், கேள்வி கேட்டுச் சிந்தித்தல் ஆகியவற்றில் பயிற்சி தருகிறார்கள். கிராமப் பள்ளியில் தாய்மொழியில் படித்தவளையும் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவளையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால், முதலாமவள் முதல் பருவத்திலேயே பின்தங்கிவிடுவாள். அவளுக்கு அறிவு இல்லை என்று பொருளல்ல. இடையில் ஒரு படி இல்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மூன்று நான்கு அரியர் வைத்துவிட்டு, "எனக்குப் படிப்பு வராது அத்தா" என்று சொல்லி நின்றுவிடுவதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! தமிழில் நன்றாக எழுதிய பிள்ளை அங்கே ஆங்கிலத்தில் கேள்வித்தாளைப் புரிந்துகொள்ளவே திணறியிருப்பாள்.

4. சம்பளத்தை யார் கட்டுவது?

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

பங்களாதேஷின் ஏற்றுமதி வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. அந்த ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 40 லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள். கிராமத்திலிருந்து வந்து, தையல் மிஷின் முன் உட்கார்ந்து, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்கள் எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறார்கள் என்பதை உலகம் பார்த்தது. ஆலையில் தைப்பவர்கள் பெண்கள். மேற்பார்வையும் நிர்வாகமும் பெரும்பாலும் ஆண்கள் கையில்.

2016இல் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் இந்தப் பெண்களுக்கென்றே 'பாத்வேஸ் ஃபார் பிராமிஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆலை முதலாளிகளிடம் போய்ப் பேசினார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்துத் திறமையுள்ள பெண்களைத் தெரிந்தெடுத்தார்கள். அக்சஸ் அகாடமிக்கும் முன்னதாக இன்னொரு ஆண்டு ஆயத்தப் படிப்பு வைத்தார்கள். படிப்பும் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். இவற்றோடு, அந்தப் பெண் படிக்கும் காலத்திலும் அவளுடைய மாதச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கத் திட்டத்தில் சேர்ந்த ஆலைகள் ஒப்புக்கொண்டன.

இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் இருந்தும் பயனில்லை. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் அவள் கல்லூரிக்கு வந்துவிட முடியாது. தம்பியின் பள்ளிச் செலவு, தகப்பனாரின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அவள் சம்பளத்தில் நிற்கின்றன. அவள் படிக்க வேண்டுமானால் அந்த வீடு விழாமல் இருக்க வேண்டும். கல்லூரி வாசலிலிருந்து பார்த்துத் திட்டம் போட்டால் கட்டணம் மட்டும் கண்ணில் படும். அந்தப் பெண்ணின் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால்தான் சம்பளம் கண்ணில் படும்.

பின்னர் இத்திட்டம் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண்களுக்கும், மியான்மரிலிருந்து விரட்டப்பட்டு முகாம்களில் வாழும் ரோஹிங்கியாப் பெண்களுக்கும் விரிந்தது.

5. நிறைவேறாதவையும் உண்டு

பாடம் என்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பள்ளி உதவித்தொகையால் மாணவியர் எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனால் வகுப்பறையின் தரம் அதே வேகத்தில் உயரவில்லை. சேர்ந்தவர்களில் பலர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தாண்டவில்லை. இளவயதுத் திருமணமும் ஒழியவில்லை. 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பே மணம் முடிந்திருப்பதை யுனிசெஃப் கணக்கு காட்டுகிறது. பணம் கொடுத்தால் பள்ளிக்கு அனுப்புவார்கள். எண்ணம் மாற அதற்கு மேலும் உழைப்பு வேண்டும்.

ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகமும் சிறியது. நன்கொடையை நம்பி நடப்பது. 40 லட்சம் ஆடைத் தொழிலாளர்களில் அங்கே படிக்க வந்தவர்கள் மிகச் சிலர். ஒரு கல்லூரி ஒரு நாட்டை மாற்றிவிடாது. ஆனால் எந்தப் படி இல்லாததால் ஏழைப் பெண் வெளியே நிற்கிறாள் என்பதை அது கண்டுபிடித்துக் காட்டியது. அந்தப் படியை ஒவ்வொரு ஊரும் தன் சக்திக்கேற்பக் கட்டிக்கொள்ளலாம்.

6. நம் முன்னோர் அறிந்திருந்த வழி

இது வெளியிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கிக் கல்வி கற்ற திண்ணைத் தோழர்களுக்கு வீடும் வருமானமும் இல்லை. அவர்களுடைய உணவைச் சமூகம் ஏற்றுக்கொண்டது. அதனால் அவர்கள் கற்க முடிந்தது.

1234இல் பக்தாதில் கலீஃபா முஸ்தன்ஸிர் திறந்த முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளும் போதிக்கப்பட்டன. அதன் வக்ஃபு வருமானத்திலிருந்து மாணவருக்குத் தினமும் ரொட்டியும் சமைத்த உணவும், அதற்கு மேல் மாதம் ஒரு தீனாரும் கொடுத்தார்கள். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் தனித்தனி 'ரிவாக்' எனும் தங்கும் பகுதி இருந்தது; அவற்றுக்கு எழுதிவைத்த வக்ஃபுகளிலிருந்து ரொட்டி வழங்கப்பட்டது. வக்ஃபு எழுதியவர்கள் கிதாபுக்கு மட்டும் எழுதவில்லை, ரொட்டிக்கும் சேர்த்து எழுதினார்கள். மாணவனுக்குப் பசிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் இடையில் எங்கேயோ, கல்வி உதவி என்றால் கல்லூரிக் கட்டண ரசீது என்று சுருக்கிக்கொண்டோம்.

7. நமது அறக்கட்டளை என்ன செய்யலாம்?

செயற்குழுவில் பேசியவற்றை உங்கள் முன் வைக்கிறோம். இவை முடிவுகள் அல்ல. பொதுக்குழுவில் நீங்கள் சொல்லப்போவதே முடிவு.

முதலாவது, கோடைகால ஆயத்த வகுப்பு. பிளஸ் டூ தேர்வு முடிந்ததற்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையிலுள்ள வாரங்களில் ஆங்கிலம், அடிப்படைக் கணக்கு, கணினி ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுப்பது. இடத்துக்கு நமது மதரஸா கட்டடம் இருக்கிறது. கற்பிக்க, நம் மஹல்லாவிலேயே பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது, மாத உதவி. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 ரூபாய் வீதம் 30 பேருக்குக் கட்டணம் கட்டினால் 4,50,000 ரூபாய் ஆகும். கட்டணத்தோடு மாதம் 2,500 ரூபாய் வீட்டுக்கும் கொடுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய். அதே பணத்தில் 10 பேரைத்தான் எடுக்க முடியும். மீதி 20 குடும்பங்களுக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதுதான் எங்களைத் தூங்கவிடாத இடம். முப்பது பேர் பெயரை ஆண்டறிக்கையில் போடுவது நிறைவாக இருக்கும், நன்கொடையாளரும் மகிழ்வார்கள். ஆனால் அந்த முப்பதில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுதினார்கள் என்று இதுவரை நாம் எண்ணியதில்லை. அது எங்கள் தவறு. இனிமேல் சேர்த்தவர் எண்ணிக்கையோடு முடித்தவர் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, முதலாளிகளோடு பேசுவது. நம் ஊர் கம்பெனி உரிமையாளர்களில் பலர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். வருடம் தவறாமல் ஜகாத் கொடுப்பவர்கள். படிக்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு, அவள் படித்து முடிக்கும்வரை சம்பளத்தில் பாதியை ஏற்றுக்கொள்வது, விடுமுறை நாட்களில் மட்டும் வேலை கொடுப்பது, படித்து முடித்ததும் அலுவலகப் பொறுப்பில் அமர்த்துவது ஆகிய மூன்றில் ஒன்றையேனும் செய்யலாமே என்று நேரில் போய்க் கேட்க நினைக்கிறோம். தையல் பிரிவின் கஷ்டம் தெரிந்த ஒருத்தி கணக்குப் பிரிவிலோ தரப் பிரிவிலோ உட்கார்ந்தால் கம்பெனிக்கும் நன்மைதான்.

நான்காவது, அரசு உதவிகளை விடாமல் வாங்கித் தருவது. 2022இல் தொடங்கிய தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

8. வீட்டில் கலந்து பேச

குடும்பத்தோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

ஒன்று: நம் வீட்டிலோ உறவிலோ படிப்பை நிறுத்திய பிள்ளை எந்த இடத்தில் நின்றார்? கட்டணமா, சம்பளமா, ஆங்கிலமா, பேருந்துப் பயணமா, திருமணப் பேச்சா?

இரண்டு: அந்த நேரத்தில் யார், என்ன செய்திருந்தால் அவர் தொடர்ந்திருப்பார்?

மூன்று: முப்பது பேருக்குக் கட்டணமா, பத்துப் பேருக்கு முழுத் துணையா? உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தப் பத்தில் இல்லாமல் போனாலும் அதே பதிலைச் சொல்வீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ஆணும் பெண்ணும் தனித்தனியே பதில் எழுதித் தாருங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலக வாசலில் வைக்கும் பெட்டியில் போட்டால் போதும். வீட்டிலிருக்கும் பெண்களின் பதில்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். அவற்றை எங்கள் மகளிர் பிரிவுச் சகோதரிகளே பிரித்து வாசிப்பார்கள்.

ஷூ கம்பெனிக்குப் போன அந்த மாணவியை மீண்டும் சந்தித்தோம். வரும் கல்வியாண்டில் திரும்பச் சேரச் சம்மதமா என்று கேட்டோம். அவர் தாயாரைப் பார்த்தார். தாயார் எங்களைப் பார்த்தார். பொதுக்குழு முடிந்ததும் வந்து சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். வெறுங்கையோடு அந்த வீட்டு வாசலில் இரண்டாம் முறை போய் நிற்க வைத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.